கெட்டதற்குப் பழக்கிய வதனி மிஸ்

வதனி மிஸ் காலமான செய்தி எனக்குப் பாதையில் வைத்து வந்தது. பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது வாவியைக் கடக்கும் பெரிய மிதவையை. சைக்கிள், ஆட்டோ, மனிசர், சில நாளில் ஆடும் கூட அதில் ஏறும். மாரி தொடங்கியிருந்தது. வாவி கலங்கித் தேயிலைச் சாயமாகக் கிடந்தது. காற்று ஒரு சொட்டும் இல்லை. மழை மாதத்தில் காற்று நின்றால் அது நல்ல சகுனம் இல்லை என்பது என் எண்ணம். அதை நினைத்துக்கொண்டிருக்கும் போதுதான் போன் அடித்தது.

மிஸ்ஸின் தம்பி ரவி. "அம்மம்மா, அக்கா மோசம் போயிட்டா. ஆஸ்பத்திரியில வச்சி" என்றார்.  

பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பேத்தி வினோஜா நின்றாள். அவளுக்குக் கண் தெரியாது. ஆனால் என் மூச்சு மாறினால் அவளுக்குத் தெரியும்.

"ஆரு அம்மம்மா? மிஸ்ஸா?"

"ஓம் மனே."

அவள் அழவில்லை. பாதை அந்தக் கரையைத் தட்டும் வரை கம்பியை விடவில்லை. தட்டின பிறகு, "அப்ப திங்கக்கிழம?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை அவளுக்குப் பட்டணத்தில் ஒரு கம்பனியில் இன்டர்வியூ. போனில் கூப்பிடுகிற ஆட்களுக்குப் பதில் சொல்கிற வேலை. கம்பனி மனேஜர், "நீங்க கூட வந்து பொறுப்பெடுத்தா மட்டும் பாப்பம்" என்று மிஸ்ஸிடம் சொல்லியிருந்தார். பொறுப்பெடுக்க இருந்தவர் போய்விட்டார்.

இந்த நினைவு மலரில் என்னையும் எழுதச் சொன்னது ரவிதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் மகள், வினோஜாவின் தாய், குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பேத்தியைக் கம்பஸுக்குக் கூட்டிக்கொண்டு போய், வகுப்பு முடியும் வரை வாகை மரத்துக்குக் கீழே இருந்து, கூட்டிக்கொண்டு வந்தது நான். என் பேத்தி பட்டதாரி. அதை இங்கே ஒரு தரம் எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் எழுத மறந்து போவார்கள்.

கம்பஸில் கண் தெரியாத, நடக்க ஏலாத, காது கேளாத பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் பார்ப்பதற்கு ஒரு அறை இருந்தது. கீழ் மாடியில், விறாந்தையின் கடைசி அறை. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் வதனி மிஸ். களுவாஞ்சிக்குடிக்காரி. நாங்கள் முதல் நாள் அந்த விறாந்தையில் வந்துகொண்டிருக்கும் போதே அவர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மம்மா, ஏன் புள்ளயத் தள்ளிக்கொண்டு வாறீங்க? இவள் என்ன, மரக்கறி வண்டிலா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. நான் வினோஜாவின் இரண்டு தோளிலும் கை வைத்து, பின்னால் நின்று, "இடப்பக்கம், வலப்பக்கம், படி" என்று சொல்லிச் சொல்லித்தான் நடத்துவேன். ஊருக்குள் முன்னால் போவேன். ஆனால் நல்ல காரியத்துக்குப் போகும் போது போக மாட்டேன். புருசன் போன பிறகு நல்ல காரியத்துக்குப் போகிற ஆருக்கும் முன்னால் நான் நின்றதில்லை. முதல் நாள் கம்பஸ் என்பது நல்ல காரியம்தானே. அதை நான் மிஸ்ஸுக்குச் சொல்லவில்லை. அவர் என் வெள்ளைச் சீலையைப் பார்த்தார், வினோஜாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார்.

"அம்மம்மா, சகுனம் கண்ணால பாக்கிற சாமான். இவளுக்குத்தான் அது இல்லயே. நீங்க ஆருக்கு ஒளிச்சி நடக்கிறீங்க?"

வினோஜா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிஸ் வந்து என் முழங்கையை எடுத்து அவள் கையில் கொடுத்து, "நீங்க அரை அடி முன்னால. அவள் பிடிச்சிக்கொண்டு பின்னால. நீங்க படி ஏறினா உங்கட கை சொல்லும், வாய் சொல்லத் தேவையில்ல" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் அடுத்து சோதனை எழுதப் போன நாளிலும் தள்ளிக்கொண்டுதான் போனேன். பழக்கம் ஒரு சொல்லுக்கு விட்டுப் போகாது.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கெடுதி மிஸ். அவருக்கும் அது தெரியும். ஓட்டமாவடிப் பொடியன் ரிஸ்வான், சக்கர நாற்காலியில் வருகிறவன், அறை வாசலில் வந்து நின்று, "மிஸ், இண்டைக்கு என்ன கெடுதி?" என்று கேட்பான். ஏனென்றால் அவரின் வேலை முறை அப்படி. சோதனைக்கோ இன்டர்வியூவுக்கோ முன்னால், அங்கே என்னென்ன கெட்டது நடக்கும் என்று யோசித்து, அதை எல்லாம் அந்த அறைக்குள் நடத்திக் காட்டுவார். வாசித்துச் சொல்லும் கம்பியூட்டரில் வினோஜா வேலை செய்துகொண்டிருப்பாள், மிஸ் போய்க் கரண்டை நிறுத்துவார். "இப்ப என்ன செய்வாய்?" அவள் ஒன்று சொல்வாள். "பிறகு?" இன்னொன்று சொல்வாள். "பிறகு?" ரிஸ்வானின் நாற்காலிக்கு முன்னால் நாலு கதிரையைக் குறுக்கே போட்டுவிட்டு, "நான் காவலாளி. எனக்கு உன்னத் தெரியாது. என்னோட கதச்சி உள்ள வா பாப்பம்" என்பார்.

ஒரு நாள் அவர் மனேஜராக இருந்தார். வினோஜா வேலை கேட்டு வந்தவள். நான் மூலையில் இருந்து பாக்குச் சீவிக்கொண்டிருந்தேன். மிஸ் குரலை மாற்றி, "கண் தெரியாத ஆளுக்கு சம்பளம் குடுத்து நாங்க என்ன கா செய்யிற? உன்னப் பாக்கிறதுக்கு இன்னொரு ஆள வைக்கவா?" என்று கேட்டார். வினோஜாவுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. மிஸ் நிறுத்தவில்லை. "அழுதா டெலிபோன்ல ஆர் பேசுற?" என்றார்.

நான் பாக்குவெட்டியை வைத்துவிட்டு எழும்பினேன். "மிஸ், காரியத்துக்குப் போக முதல் வாயால கெட்டது சொல்லப்படாது. சொன்னா அது வந்து சேரும். இது உங்களுக்கு ஆரும் சொல்லித் தரேல்லயா?"

"அம்மம்மா, நான் சொன்னா இவள் அழுதிட்டு உங்கட மடியில படுக்கலாம். அவங்க சொன்னா எங்க போய்ப் படுக்கிற?"

நான் திரும்பப் பாக்கைச் சீவினேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய் வினோஜாவுக்கு மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன்.

ஒரு மாரிக் காலத்துச் சோதனையையும் இங்கே சொல்ல வேண்டும். நல்ல வெயில். வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை. மிஸ் போன் எடுத்து, "அம்மம்மா, இண்டைக்கே பாதையால வந்து என்ர வீட்ட தங்குங்க. நாளைக்குக் காலம சோதனை" என்றார். என் மகன் சிவா சிரித்தான். "அம்மா, அந்த மனிசிக்கு வெயில் எறிச்சாலும் வெள்ளம்தான் தெரியிற" என்றான். நானும் முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். மறுநாள் விடிய முதல் மேற்கே எங்கேயோ கொட்டின மழை எல்லாம் வாவிக்கு இறங்கி, துறையடி மூழ்கி, பாதை ஓடவில்லை. எங்கள் கரையில் நின்ற பிள்ளைகள் அன்றைக்குச் சோதனை எழுதவில்லை. வினோஜா எழுதினாள்.

முந்தின நாள் பின்னேரம் அவர் வீட்டில்தான் நான் அதைக் கண்டேன். வினோஜா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். மிஸ் விறாந்தையில் கதிரையில் இருந்து, காலைத் தூக்கி ஒரு பலகையில் வைத்திருந்தார். செருப்புப் போட்ட அடையாளம் இரண்டு காலிலும் பள்ளமாகக் கிடந்தது. நான் கிட்டப் போய்க் கணைக்காலில் ஒரு விரலால் அமத்தினேன். விரலை எடுத்தேன். குழி அப்படியே இருந்தது. மூடவில்லை.

"என்ன அம்மம்மா, பழுத்திட்டா எண்டு பாக்கிறீங்களா? நான் என்ன பலாப்பழமா?"

"எத்தின நாளா புள்ள இது?" அன்றைக்குத்தான் முதல் தரம் அவரைப் புள்ள என்று கூப்பிட்டேன். என் மகளின் வயதுதான் அவருக்கு.

"ரெண்டு சிறுநீரகமும் களைச்சிட்டு. கிழமையில ரெண்டு தரம் போய் ரத்தம் சுத்தம் பண்ணிற. இத வினோஜாவுக்குச் சொல்ல வேணாம்."

"ஏன்?"

"சொல்லிறண்டா அதுக்கும் ஒரு ஒத்திகை வைக்க வேணும். இப்ப சோதனை. நேரமில்ல."

அவர் சிரித்தார். எனக்கு அந்தக் குழிதான் கண்ணுக்குள் நின்றது. அந்த நாளில் இருந்து அவர் எந்தக் கெட்டதைப் பற்றிப் பேசினாலும் எனக்கு அவர் காலைப் பற்றித்தான் பேசுவது போல இருக்கும்.

கடைசி வருசத்தில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக விலகத் தொடங்கினார். போன் எடுக்கப் பிந்தும். சில நாள் எடுக்கவே மாட்டார். கம்பனி இருக்கும் இடத்தை வினோஜா பழகுவதற்காக ஒரு நாள் குறித்தார். "அம்மம்மா, அண்டைக்கு நீங்க வீட்ட நில்லுங்க. நான் பட்டணத்தில பஸ் நிக்கிற இடத்தில நிக்கிறன்" என்றார். அவளைத் தனியே அனுப்பினேன். பொழுது சாயும் வரை துறையடியில் நின்றேன். மீன்கொத்தி ஒன்று கம்பத்தில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, அதைக் கல்லால் எறிந்தேன். கடைசிப் பாதையில் வினோஜா வந்து இறங்கினாள். பாவாடை முழங்கால் வரை சேறு. சாக்கடைக் கானுக்குள் விழுந்த மணம்.

"மிஸ் வரல்ல அம்மம்மா. கேட்டுக் கேட்டுப் போய், வாசலத் தொட்டிட்டு வந்திட்டன்."

நான் அந்த இடத்திலேயே போனை எடுத்தேன். திட்டுவதற்குத்தான் எடுத்தேன். மிஸ்ஸின் குரல் காய்ந்து போயிருந்தது.

"போனவளா?"

"போனவள்! கானுக்குள்ள விழுந்து எழும்பிப் போனவள்!"

"ஆரிட்ட வழி கேட்டவள்?"

"ஐஸ்கிறீம்காரனிட்ட."

"செரி. நல்லது" என்றார். பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

அன்றைக்கு அவர் வேண்டுமென்று வராமல் விட்டாரா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. ரவியிடம் கேட்டேன். அவருக்கும் நினைவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

செத்த வீட்டுக்கு மிஸ் பார்த்த பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். உங்களில் பல பேர் அங்கே நின்றீர்கள். வளவு முழுக்க மணல். ரிஸ்வானின் சக்கரம் புதைந்து போக, நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வந்து பந்தலுக்குள் வைத்தார்கள். "இதுக்கு ஒத்திகை பாக்கேல்லயே மிஸ்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. வினோஜா மிஸ்ஸைத் தொட வேண்டும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். முகத்தைத் தொட்டாள், கையைத் தொட்டாள், காலைத் தொட்டதும் அவள் கை நின்றது. 

வீட்டுக்கு வந்ததும் சிவா தொடங்கினான். அவன் கெட்டவன் இல்லை. மருமகள் வினோஜா மேல் உயிர்.

"அம்மா, வேலைக்குக் கால் வைக்க முதலே சாவு விழுந்திட்டு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும் உங்களுக்கு? மனேஜர் மிஸ்ஸ நம்பித்தான் வரச் சொன்னவர். இப்ப ஆர நம்பிக் கதவத் திறப்பார்? அவமானப்பட்டு வரவா? இந்த வீடு அவள்ற பேரில. நான் இரிக்கன். அவள் ஏன் ஊர் ஊராக் கானுக்குள்ள விழ வேணும்?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். என் தாயிடம் இருந்து எனக்கு, என்னிடம் இருந்து என் மகளுக்கு, அவளிடம் இருந்து வினோஜாவுக்கு. அவன் சொன்னதில் பொய் இல்லை. சகுனமும் நான் நம்புகிற சகுனம்தான். போகாவிட்டால் அவள் இந்த வீட்டுக்குள் இருந்துவிடுவாள், இருந்தால் பிறகு எழும்ப மாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வினோஜா உள்ளே சட்டைக்கு அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். சூடான துணியின் மணம் வந்தது.

திங்கட்கிழமை போனோம். நான் முன்னால் நடந்தேன். வெள்ளைச் சீலையோடு அரை அடி முன்னால்.

பஸ்ஸுக்குள் அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது. மிஸ் கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிப் பார்க்கிறாள் என்று விளங்கியது. காவலாளி மறிப்பான், கரண்ட் நிற்கும், மனேஜர் கடுமையாகப் பேசுவார். ஒன்றும் நடக்கவில்லை. காவலாளி எழும்பிக் கதவைத் திறந்துவிட்டான். கரண்ட் இருந்தது. மனேஜர் வாசல் வரை வந்தார்.

"கேள்விப்பட்டன் அம்மா. பாவம், நல்ல மனிசி" என்றார். குளிரான அறையில் இருத்தினார். பால் தேத்தண்ணி வந்தது. வினோஜாவின் தலையில் கை வைத்தார். "இந்த நேரத்தில மகளக் கஷ்டப்படுத்தினா பாவம். வீட்ட போய் ஆறுதலா இரிங்க. எல்லாம் செரியானதும் நானே போன்ல கூப்பிடுறன்." அவர் குரல் சர்க்கரைப் பாணி போல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல மனிசனா என்று நினைத்தேன். கோப்பையை வைத்துவிட்டு, பையை எடுத்து, "வா மனே" என்று எழும்பினேன்.

வினோஜா எழும்பவில்லை.

"நன்றி சேர்" என்றாள். "கேள்வியக் கேளுங்க. கேட்டிட்டு ஏலாது எண்டு சொன்னா நான் போறன். கேக்காம அனுப்பாதீங்க."

மனேஜரின் முகம் மாறினதை நான் கண்டேன். சிரிப்பு அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை. அவர் கூப்பிடவே மாட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் திரும்பக் கதிரையில் இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் மேசையில் தட்டினார். பிறகு கேட்டார். முதலில் இலேசாக, பிறகு கடுமையாக. மிஸ் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அவள் குரல் நடுங்கவில்லை. ஒரு போனைக் கொடுத்து, கோபமாகப் பேசுகிற ஆளோடு பேச வைத்துப் பார்த்தார்கள். கடைசியில், "கொஞ்ச மாசம் பாப்பம்" என்றார். அவ்வளவுதான். வேலை நிரந்தரம் இல்லை. அந்தக் கொஞ்ச மாசம்தான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு பின்னேரமும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வருகிறது.

திரும்பி வரும் போது பஸ்ஸில் சொன்னேன், "மிஸ் எல்லாக் கெட்டதும் பழக்கினவ. இப்பிடி இனிப்பாப் பேசி அனுப்புவாங்க எண்டத மட்டும் பழக்கேல்ல, பாத்தியா. நீயாத்தான் கண்டுபிடிச்சாய்."

"பழக்கினவ அம்மம்மா."

"எப்ப? நான் கேக்கேல்லயே."

"நீங்க வெத்தில வாங்கப் போற நேரம். கதவச் சாத்திட்டு, பக்கத்தில வந்து இருந்து, தலையத் தடவி, 'போதும் மனே, களைச்சிட்டாய். வீடு இரிக்கி, நான் இரிக்கன், வா போவம்' எண்டு சொல்லுவா. முதல் ரெண்டு தரமும் நான் எழும்பிட்டன். நல்லா ஏச்சு வாங்கினன்." என் பக்கம் திரும்பிச் சொன்னாள், "உங்கட குரலிலதான் அம்மம்மா பேசினவ. அச்சா அப்பிடியே பேசுவா. எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்."

பஸ் கல்லாற்றுப் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். காவலாளி, மனேஜர், போன கரண்ட், குறுக்கே கிடந்த கதிரை. அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் என்னையும் ஒரு கெடுதியாக எடுத்து, என் பேத்திக்குப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார் அந்தப் புள்ள. கோபம் வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

இப்போது அந்தக் கடைசி அறைக்குப் புதுப் பூட்டு. யன்னலால் பார்த்தால் உடைந்த மேசைகளை உள்ளே அடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். போன கிழமை கல்குடாப் பக்கத்தில் இருந்து காது கேளாத ஒரு மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் வந்து, அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்றதாக ரிஸ்வான் சொன்னான். அவனும் நானும் அந்த அறைக்குப் பொறுப்பான கம்பஸ் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மரியாதை. கதிரை போட்டார். "கட்டாயம் ஒரு ஆளப் போடுவம் அம்மா. நீங்க வயசான ஆள், இந்த மழைக்குள்ள அலைய வேணாம். நிம்மதியா வீட்ட போங்க. நாங்க பாத்துக்கொள்ளுவம்."

அந்தக் குரலை நான் அறிவேன். அது என்னுடைய குரல். என் முதுகு குளிர்ந்தது.

வதனி மிஸ்ஸிடம் இருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தக் குளிர்தான். அன்பாகப் பேசி வீட்டுக்கு அனுப்புகிற குரல் கேட்டால் பயப்படுகிறேன். என் வாயில் இருந்து வந்தாலும் பயப்படுகிறேன். ரிஸ்வான் சக்கரத்தின் தடையைப் போட்டான். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எழும்பவில்லை. அவர் இரண்டு மூன்று தரம் எங்களைப் பார்த்தார், பிறகு பார்க்காமல் விட்டார். வெளியே இருட்டிக்கொண்டு மழை இறங்கியது. பின்னேரம் ஒரு ஆள் திறப்புக் கோர்வையோடு வந்து, "அம்மா, கந்தோர் பூட்டப் போறம்" என்றான்.

"பூட்டுங்க தம்பி" என்றேன். "நாளைக்கு எத்தின மணிக்குத் திறப்பீங்க?"